ஆடியவரின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் 'சீசன்' என்ற சொல் பல தொழில்களுக்குப் பொது. மாம்பழத்துக்குச் சீசன் இருக்கிறது. நுங்குக்கு இருக்கிறது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இருக்கிறது. மேளகாரருக்கும் இருக்கிறது. பங்குனி சித்திரையில் ஊர்க்கோயில்களில் தொடங்கும் திருவிழாக்கள் ஆடியில் மாவிட்டபுரம், ஆவணியில் நல்லூர், சந்நிதி என்று வளர்ந்து, புரட்டாதியில் வல்லிபுரக் கோயில் கடற்கரையில் போய் ஓயும். அந்த ஆறேழு மாதத்துக்குள் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வருஷச் சாப்பாட்டைத் தேடிக்கொள்ள வேண்டும். இது ஊரறிந்த கதை. ஊர் அவ்வளவாகக் கதைக்காத இன்னொருவரும் இந்தச் சீசனுக்குள் இருக்கிறார். ஆடுகிறவர்.

எனக்கு நடனம் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வலிகாமத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறவன். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் இருந்தபோது அழகியற் கல்வி பற்றி எழுதிப் படித்து மறந்ததுதான் என் நடன அறிவு. ஆனால் ஆடுகிறவர்களின் உடுப்பை நான் சிறுவயதிலேயே பக்கத்தில் பார்த்திருக்கிறேன். என் வாப்பா யாழ்ப்பாண நகரத்தில் தையல்கடை வைத்திருந்தார். எண்பதுகளில் பாடசாலை விழாக்களுக்கும் நடன வகுப்புகளுக்கும் அவர் தைத்துக் கொடுப்பார். சேலையை வெட்டி, முன்பக்கம் விசிறி மடிப்பு வைத்து, பிள்ளை அரைமண்டியில் இருக்கும்போது அது சரியாக விரிய வேண்டும். விரியாவிட்டால் தாய்மார் திரும்பக் கொண்டுவருவார்கள். 'நிக்கிற உடுப்பு வேறை, ஆடுற உடுப்பு வேறை' என்பார் வாப்பா. அளவெடுக்கும்போது பிள்ளையை இருந்து எழும்பச் சொல்வார். 1990இல் நாங்கள் ஊரைவிட்டுப் போனபோது அந்தத் தையல் மெஷினும் அதற்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த சரிகைத் துண்டுகளும் அங்கேயே நின்றுவிட்டன. அது வேறொரு கதை. இங்கே வேண்டாம்.

வாப்பாவின் தகப்பனாரும் தையற்காரர்தான். அவருடைய காலத்துக் கதைகளில் 'சின்னமேளம்' என்ற சொல் வரும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நாதஸ்வரமும் தவிலும் பெரியமேளம். ஆடும் பெண்களும் அவர்களுக்கு வாசிக்கும் பக்கவாத்தியக்காரருமாக வரும் குழு சின்னமேளம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில், 1914இலிருந்து 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும்வரை, தமிழ்நாட்டிலிருந்து சீசனுக்கென்று இக்குழுக்களை இங்கே அழைப்பார்கள். எந்தக் கோயிலுக்கு எந்தக் குழு வந்தது, யார் நன்றாக ஆடினார் என்பதில் திருவிழா உபயகாரருக்குள் போட்டி. விடியவிடிய ஆட்டம். விடிந்தபின் அந்தப் பெண்களைப் பற்றி ஊரில் பேசும் பேச்சோ வேறு. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கோயிலில் இந்த ஆட்டம் கூடாது என்று நின்றவர். அவருடைய நியாயம் சமயத்தின் நியாயம். அதை விளங்கிக்கொள்ள முடிகிறது. எனக்கு விளங்காதது, ஆட்டத்தை இரவெல்லாம் இருந்து பார்த்தவர்களின் நியாயம். ஆட்டம் வேண்டும், ஆடினவளின் நிழல் முற்றத்தில் விழக்கூடாது என்பது எந்தச் சமயத்திலிருந்து வந்தது?

சின்னமேளம் போனது. பரதநாட்டியம் வந்தது. கலாசேத்திராவில் படித்துத் திரும்பிய இணுவில் வீரமணி ஐயரைப் போன்றவர்கள் இங்கே கற்பித்தார்கள். மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி எழுந்து, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. நடனம் பாடசாலைப் பாடமானது. இன்று அரங்கேற்றத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்காத வெளிநாட்டு யாழ்ப்பாணத்தவர் குறைவு. ஒரு கலை இவ்வளவு விரைவாக முகவரி மாறியதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது.

எங்கள் பாடசாலை நடன ஆசிரியை அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பாடசாலைக்கு வரும் முன்னரும் வந்த பின்னரும் சீசனில் மேடை ஏறுகிறவர். ஒருநாள் ஆசிரியர் அறையில் அவருடைய மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடந்தது. பாடக்குறிப்பு என்று நினைத்து எடுத்தேன். அது சீசன் கணக்கு. திகதி, கோயில், எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை உருப்படி, கொடுத்த காசு. இவற்றுக்கெல்லாம் முன்னால் முதல் நிரலில் 'நிலம்' என்று ஒரு தலைப்பு. அதன்கீழே: 'கருங்கல். பகல் சூடு ஆறேல்லை.' 'மணலுக்கு மேலே தறப்பாள். வழுக்கும்.' 'சீமெந்து. பரவாயில்லை.' 'லொறிப்பெட்டி. ஆடும்.' கடைசி நிரலில் சில இடங்களில் 'வர்ணம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"ரீச்சர், இதென்ன நிலக் கணக்கு? காணி வாங்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

சிரித்தார். "மாரியிலை முழங்கால் நோகேக்கை எந்தக் கோயில் நோகுது எண்டு பாக்கிறதுக்கு, சேர்."

"வர்ணம் இல்லை எண்டது?"

"நேரம் காணாது, சுருக்கி ஆடச் சொல்லுவினம். சுவாமி வெளிவீதி சுத்தி வந்து, பேச்செல்லாம் முடிஞ்சு, எங்களை ஏத்தேக்கை பதினொரு மணி. பிறகு, ரீச்சர், வர்ணத்தை விட்டிட்டு ஏதும் கிராமிய நடனம் போடுங்கோ எண்டுவினம். கடைசியிலை ஒரு பொன்னாடை. என்னட்டை வீட்டிலை இருக்கிற பொன்னாடைக்கு ஒரு சேலைக்கடை வைக்கலாம்."

அந்த வருடம் 23 மேடை. அவர் சலித்துக்கொண்டு சொல்லவில்லை. பயிர் செய்கிறவர் போகத்துக்குப் போகம் குறித்து வைப்பதுபோலக் குறித்து வைத்திருந்தார். ஆடுகிறவர் தன் சீசனைத் தானே எண்ணிப் பார்த்து எழுதியதை நான் கண்டது அதுதான் முதல்தடவை. பத்திரிகையில் வருவது எப்போதும் பார்த்தவர்கள் எழுதியது. 'சபையோரை மெய்மறக்கச் செய்தார்' என்று முடியும். மெய்யை மறந்தது சபை. ஆடினவருக்கு மெய் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நிலத்தைப் பற்றி அவர் சொன்ன பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். மேற்கத்திய பலே நடனக்காரர் கல்லிலும் சீமெந்திலும் ஆடுவதைத் தவிர்ப்பார்கள். அவர்களுடைய தளம் பலகை. அதற்குக் கீழே சட்டங்கள் வைத்து, பாதம் விழும்போது சற்றே இறங்கிக் கொடுக்கும்படி அமைப்பார்கள். கல் அப்படி இறங்காது. குதிகால் தட்டும் அதிர்வு முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் திரும்பி வரும். பலேயில் பாய்ச்சல் அதிகம், பரதத்தில் தட்டு அதிகம். இரண்டும் கடைசியில் நிலத்தோடுதான் கணக்குத் தீர்க்கின்றன. நுனிவிரலில் நின்றாடும் அந்தச் சப்பாத்து ஒரே இரவு ஆட்டத்தில் தேய்ந்துபோவதும் உண்டாம். பெரிய கம்பனிகளில் சப்பாத்துக்கென்றே தனிச் செலவு ஒதுக்குகிறார்கள். நாற்பது வயதுக்குள் பெரும்பாலானவர்கள் மேடையைவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

இந்த பலேக்கும் நம் பரதத்துக்கும் ஒரு கப்பல் உறவு இருக்கிறது. ரஷ்ய நடனக்காரி அன்னா பாவ்லோவா உலகம் முழுவதையும் ஒரே சீசனாக்கிக்கொண்டு சுற்றியவர். 1923இல் லண்டனில் இளைஞரான உதயசங்கரைத் தன்னோடு ஆடவைத்தவரும் அவர்தான். 1928இல் அவர் பம்பாயில் ஆடியதை ருக்மிணி தேவி பார்த்தார். பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தார்கள். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி, ருக்மிணி தேவிக்கு பலே கற்பித்தார். உன் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் பார் என்று பாவ்லோவா சொன்னதாகத்தான் வரலாறு. அந்த வழியில் போன ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் ஆடினார், 1936இல் கலாசேத்திராவைத் தொடங்கினார். பாவ்லோவா அதைப் பார்க்க இருக்கவில்லை. 1931 ஜனவரியில், இன்னொரு சுற்றுப்பயணத்தின் நடுவில், ஹேக் நகரத்தில் நெஞ்சில் நோய்கண்டு இறந்தார். ஐம்பது வயது ஆகவில்லை. சீசன் முடியாமலே போனவர்.

ஆனால் என் நடன ரீச்சரின் கொப்பிக்கு உண்மையான துணை பாவ்லோவா அல்ல, பாலசரஸ்வதி. ரீச்சர்தான் தன் தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா'. கடற்கரையில், காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போக, 58 வயதுப் பெண்ணொருவர் 'கிருஷ்ணா நீ பேகனே' பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். தடித்த உடல், சாதாரணத் தாயொருத்தியின் முகம். குழந்தையைக் கூப்பிடும் கை ஒன்றுதான். அந்தக் கையைப் பார்த்த பிறகு பக்கத்தில் நின்ற கணித ஆசிரியரும் தொலைபேசியை விட்டுக் கண் எடுக்கவில்லை.

பாலசரஸ்வதி 1918இல் சென்னையில் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி. பாட்டும் ஆட்டமும் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாக இருந்த குடும்பம். மயிலாப்பூர்க் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளைச் சின்ன வயதில் பார்த்து, தானும் ஆட வேண்டும் என்று அடம் பிடித்தவர். வீட்டில் தயக்கம். அந்தக் காலத்தில் அந்தக் குலத்தில் பிறந்த பெண்ணுக்கு ஆட்டம் சோறு போடுமோ, பழி போடுமோ என்று தெரியாத நிலை. கடைசியில் தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பா பிள்ளையிடம் கற்று, 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் கோயிலொன்றில் முதல் ஆட்டம். 1933இல் சென்னை மியூசிக் அகாடமி மேடை. அடுத்த வருடம் கல்கத்தா.

அவர் வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் அவருடைய குலத்துப் பெண்களின் தொழிலை நிறுத்தும் போராட்டமும் வளர்ந்தது. முத்துலட்சுமி ரெட்டி அதற்காக நின்றார். 1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பணக்காரரின் வாசலில் கொண்டுபோய் விட்ட கொடுமை உண்மை. அந்தச் சட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சட்டத்தோடு கூட வந்த பேச்சு, கொடுமையையும் கலைக்காரியையும் ஒரே குப்பையில் கூட்டி அள்ளியது. ஆட்டம் நல்லது, அதை ஆடியவர்கள் கெட்டவர்கள், ஆகவே ஆட்டத்தைக் கழுவி எடுத்து வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்றானது. அந்த இடத்தில் பாலசரஸ்வதி அசையவில்லை. சிருங்காரத்தை ஆட்டத்திலிருந்து கழுவ வேண்டும் என்றவர்களுக்கு, கழுவ அதில் அழுக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் சொன்ன பதில். ருக்மிணி தேவி வேறு மாதிரி நினைத்தார். ருக்மிணி தேவி இல்லாவிட்டால் இணுவிலுக்கும் கோண்டாவிலுக்கும் இந்தக் கலை பாடமாக வந்திராது என்பது எனக்குத் தெரியும். அந்த நன்றி இருந்தும், இந்த வழக்கில் நான் பாலசரஸ்வதியின் பக்கம்.

அவருக்கும் மேடை குறைந்த ஆண்டுகள் இருந்தன. உடல்நலமும் சரியில்லை. 1953இல் மியூசிக் அகாடமியில் அவருக்கென்று ஒரு நடனப் பள்ளி அமைந்தது. பிறகு 1961இல் டோக்கியோ. 1962இல், 44 வயதில், அமெரிக்கா. அங்கே மசாசூசெட்ஸ் மலைக்காட்டுக்குள் 'ஜேக்கப்ஸ் பில்லோ' என்றொரு நடன விழா கோடை தோறும் நடக்கிறது. டெட் ஷோன் என்ற ஆட்டக்காரர் தொடங்கியது. நடனத்துக்கென்றே 1942இல் கட்டிய மர அரங்கம் அங்கே இருக்கிறது. அந்தச் சீசனில் பாலசரஸ்வதி அங்கே ஆடினார். 1963இல் எடின்பரோ விழா. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடப்போன அதே ஆண்டு. பலே உலகில் ஓய்வுபெற்ற வயதில் இவருக்கு வெளிநாட்டுச் சீசன் தொடங்கியது. ரீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "பலகைத் தளமோ?" என்றுதான்.

1973 டிசெம்பர்ச் சீசனில் மியூசிக் அகாடமி மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். சங்கீத கலாநிதி விருது முதல்முறையாக ஒரு நடனக் கலைஞருக்குப் போனது. 1975இல் தமிழ் இசைச் சங்கத்து விழாவுக்கும் அவரே தலைவர். அந்த மேடையில் அவர் ஆற்றிய உரையைத்தான் நான் திரும்பத்திரும்பப் படித்தேன். ஐம்பது வருடம் ஆடிய ஒருவருக்கு, குலத்தைப் பழித்தவர்களின் நகரத்திலேயே தலைமை நாற்காலி கிடைக்கிறது. என்ன பேசுவார்? எனக்கென்றால் கணக்குத் தீர்க்கத்தான் தோன்றும். அவர் பேசியது ஒரு மாலை ஆட்டத்தின் ஒழுங்கைப் பற்றி.

அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா, சுலோகம் என்ற வரிசை யாரோ வசதிக்குப் போட்ட நிகழ்ச்சி நிரல் அல்ல என்கிறார். அதை ஒரு பெருங்கோயிலுக்குள் போவதற்கு ஒப்பிடுகிறார். அலாரிப்பு கோபுரவாசல். ஜதீஸ்வரம் அர்த்தமண்டபம். சப்தம் பெரிய மண்டபம். வர்ணத்தில் தெய்வம் இருக்கும் எல்லைக்குள் வந்துவிடுகிறோம். இங்கேதான் தாளமும் இராகமும் சொல்லும் முகமும் எல்லாம் ஒன்றாக, நீளமாக, ஆடுகிறவரின் முழுப் பலத்தையும் கேட்டு நிற்கும். அதற்குப் பிறகு பதம். வெளிச்சத்தமும் வெக்கையும் அடங்கிய கருவறைக் குளிர்ச்சி. கடைசியில் தில்லானா, கற்பூரம் ஏற்றும்போது எழும் மணியோசையும் ஆரவாரமும்போல.

நான் கோயிலுக்குள் போய்ப் பழகியவன் அல்ல. நல்லூர்க் கோபுரத்தை வீதியிலிருந்து பார்த்தது மட்டும்தான். அதற்கு அப்பால் படிப்படியாக என்ன நடக்கிறது, வெளிச்சம் எப்படிக் குறைந்து, சத்தம் எப்படி அடங்கி, மனம் எப்படி ஒடுங்குகிறது என்பதை எனக்குச் சொன்னவர் இந்த நடனக்காரர்தான். ஆனால் உரையைப் பத்துத்தரம் படித்தபிறகு எனக்கு வேறொன்றும் தெரிந்தது. இது பக்தி மட்டும் இல்லை. தொழில் தெரிந்தவர் உடம்பைக் காப்பாற்றும் முறையும் இதற்குள் இருக்கிறது. முதலில் கண், கழுத்து, தோள், கால் என்று உடம்பை மெதுவாகத் திறக்கிறார். பிறகு சூடேற்றுகிறார். பலம் முழுதாக இருக்கும் நடுவேளையில் மிகப் பெரிய வேலையை வைக்கிறார். அது முடிந்ததும் மூச்சு ஆற, முகத்தாலும் கையாலும் மட்டும் பேசும் பதத்துக்கு வருகிறார். தண்ணீர் இறைக்கிறவருக்கும் தோணி வலிக்கிறவருக்கும் இந்த ஒழுங்கு புரியும். 58 வயதில் கடற்கரையில் அவரால் நிற்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

இதை ரீச்சரிடம் சொன்னேன். அவர் கொப்பியைத் திறந்து சிவப்பு மையைக் காட்டினார். "அப்ப பாருங்கோ சேர். கோபுரத்தாலை உள்ளிட்டவுடனை கற்பூரத்தைக் கொளுத்தச் சொல்லினம்."

அவருடைய சீசனைப் பற்றி இவ்வளவு எழுதியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஊரின் பெயரும் பிள்ளையின் பெயரும் வேண்டாம்.

எங்கள் பாடசாலையில் தரம் 9இல் ஒரு பிள்ளை. என் வகுப்புப் பிள்ளை. கட்டுரை எழுதச் சொன்னால் அரைப்பக்கம். ஆடச் சொன்னால் நடன அறையின் ஜன்னலில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் தொங்குவார்கள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் கோட்டத்தில் முதலிடம் பெற்று வலயத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அடுத்த கிழமையே தாய் என்னிடம் வந்தார். வகுப்பாசிரியர் நான் என்பதால்.

"சேர், இனி அவளை ஆட்டத்துக்கு விடாதேங்கோ. படிக்கட்டும்."

"இதுவும் படிப்புத்தானே அம்மா. சாதாரண தரத்துக்கு எடுக்கிற பாடம்."

"பாடமெண்டு நீங்கள் சொல்லுறியள். சனம் அப்பிடிச் சொல்லேல்லையே."

சனம் என்ன சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் ஒருவர் பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தப் பிள்ளையின் அம்மம்மா அறுபதுகளின் தொடக்கத்தில் சின்னமேளத்தோடு அக்கரையிலிருந்து வந்து, ஒரு சீசன் முடிவில் திரும்பிப் போகாமல் இங்கேயே நின்றவராம். இங்கே கலியாணம் செய்து, தோட்டத்தில் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவராம். காலில் சலங்கை கட்டி அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும், பேத்தி முதலிடம் வந்த அன்று ஊருக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. 'ரத்தத்திலை இருக்குமெல்லே' என்றார்களாம். அப்படிச் சொன்ன வீடுகளில் ஒன்றில் சென்ற வருடம்தான் அரங்கேற்றம் நடந்தது. மண்டபம், வீடியோ, இந்தியாவிலிருந்து வரவழைத்த உடுப்பு. அந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளை, பாவம். ஆனால் அவளுடைய ஆட்டம் 'கலை', இவளுடைய ஆட்டம் 'ரத்தம்'. ஆடும் உருப்படி இருவருக்கும் ஒன்று. கற்பித்தவரும் ஒரே ரீச்சர்.

தாயோடு நானும் ரீச்சரும் இன்னும் இரண்டு தடவை கதைத்தோம். அதிபரும் கதைத்தார். கடைசியில் 'இந்த ஒரு போட்டியோடை சரி' என்று விட்டார். உடுப்புக்குக் காசு இல்லை என்றார். அதை ஒரு சாட்டாகத்தான் சொன்னார் என்று தெரியும். ரீச்சர் தன்னுடைய பழைய உடுப்பொன்றைக் கொண்டுவந்தார். இடுப்பைப் பிடித்து விசிறியைத் திருத்த வேண்டியிருந்தது. எனக்குக் கை வேலை கொஞ்சம் தெரியும். ஆசிரியர் அறையில் பிள்ளையை அரைமண்டியில் இருந்து எழும்பச் சொல்லி, மடிப்பு விரிகிற இடம் பார்த்துக் குண்டூசி குத்தினேன். மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். வாப்பா இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

வலயப் போட்டியன்று தாய் வரவில்லை. நிகழ்ச்சிகள் வழக்கம்போலப் பிந்தின. பிள்ளைகள் காலை ஏழு மணிக்குப் பூசிய முகப்பூச்சோடு இரண்டு மணிவரை வாங்கில் இருந்தார்கள். தண்ணீர் குடித்தால் உதட்டுச் சாயம் போய்விடுமென்று ஸ்ட்ரோ தேடி ஒரு தாய் கடைத்தெரு முழுக்க அலைந்தார். இந்தக் காத்திருப்பையும் நடுவர்களின் புள்ளித்தாளில் எங்கேயாவது சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் பிள்ளை ஆடினாள். இரண்டாம் இடம். மாகாணத்துக்குப் போக முதலிடம் வேண்டும் என்றார்கள். ஆக, தாய் கேட்டபடியே அந்த ஒரு போட்டியோடு முடிந்தது. அவள் அழவில்லை. உடுப்பைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் உறைக்குள் வைத்து, ரீச்சரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தின்கீழே, குடையை ஊன்றிக்கொண்டு, வெள்ளைச் சேலையில் ஒரு கிழவி நின்றார். மெலிந்த உடம்பு. முதுகு மட்டும் அந்த வயதுக்குப் பொருந்தாமல் நேராக இருந்தது. பிள்ளை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். மண்டபத்துக்குள் வராமல் ஜன்னலால் பார்த்திருக்கிறார். ரீச்சர் போய், "அம்மா, பிள்ளை வடிவா ஆடினவள்" என்றார். கிழவி அதற்குப் பதில் சொல்லவில்லை. ரீச்சரின் கால்களைப் பார்த்தார். பிறகு மண்டபத்தின் பக்கம் தலையைத் திருப்பி, மெதுவாகக் கேட்டார்.

"உள்ளே தரை என்ன தரை?"

"பலகை, அம்மா. மேடை பலகைதான்."

"மரமா?"

நான் தமிழ் வாத்தியார் என்பதால் அது காதில் விழுந்தது. 'மரமோ' என்று அவர் கேட்கவில்லை. இங்கே அறுபது வருடம் சீவித்தவர், 'மரமா' என்றார்.

"மரமெண்டா நல்லது" என்றார் பிறகு, ஊர்ப்பேச்சுக்குத் திரும்பி. "எங்களுக்குக் கல்லு. ராவிலை தெரியாது. விடிய எழும்பேக்கைதான் தெரியும்." பேத்தியின் தோளில் கையை வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். வலது காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தார்.

ரீச்சர் வாகனத்தில் ஏறியதும் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார். போட்டிகளை அவர் அதில் எழுதுவதில்லை. அன்று எழுதினார். திகதி போட்டு, நிலம் என்ற நிரலில் 'மரம்' என்று எழுதினார்.

தரம் 10க்குப் போகும் பிள்ளைகள் தொகுதிப் பாடம் தெரிவுசெய்யும் படிவம் இந்தத் தவணை முடிவுக்குள் கொடுக்க வேண்டும். என் வகுப்பில் எல்லாரும் தந்துவிட்டார்கள். அவளுடையது மட்டும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. கணக்கு, விஞ்ஞானம் எல்லாவற்றுக்கும் நேரே தாயின் கையெழுத்தில் பேனையால் நிரப்பியிருக்கிறது. அழகியல் பாடம் என்ற கட்டத்தில் பென்சிலால் 'சித்திரம்' என்று எழுதி, யாரோ அதை அழித்திருக்கிறார்கள்.